திரையில் தெரியாத கோடு

எங்கள் மருத்துவமனையில் அவருக்கு இரண்டு பெயர்கள். நோயாளிகளுக்கு எக்ஸ்ரே அம்மா, எங்களுக்கு ரீஸ்டார்ட் அக்கா. பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஒரு நாள் மருந்து கொடுக்கும் ஜன்னலில் பிரிண்டர் மக்கர் பண்ணியபோது, "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அது வேலை செய்துவிட்டது. அன்றிலிருந்து எந்த அறையில் எந்தப் பெட்டி முரண்டு பிடித்தாலும் அது அவர் தலையில்தான் விடியும்.

நான் எதிர் அறையில் இரத்தப் பரிசோதனை பார்ப்பவள். எங்கள் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நோயாளிகள் உட்காரும் நீள பெஞ்சு ஒன்றுதான் தடுப்பு. அதனால் அக்கா பட்ட பாடு முழுவதையும் பார்த்தவள் நான். பார்க்காததை அவரே மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் வேலைகளை ஒப்பந்தத்தில் பார்த்துவந்த ஆள் ஒருவர் இருந்தார். நிர்வாகியின் மேசையைத் தவிர மற்ற எல்லாப் பெட்டிகளிலும் பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல சிஸ்டத்தைப் போட்டார். எலும்பு டாக்டர் அறையில் படம் பார்க்கப் பெரிய திரை ஒன்றையும் மாட்டினார். இரண்டே வாரத்தில் அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. போகும்போது பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதத்தை அக்கா கையில் வைத்து, "கவலப்படாதீங்கக்கா. எல்லாம் நெட்ல இருக்கு. சும்மா படிச்சாலே போதும்" என்றார்.

அந்த "சும்மா படிச்சாலே போதும்" என்பதைப் பிற்பாடு அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

திரை மாட்டி ஐந்து வாரம் போயிருக்கும். ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர் ஒருவர் வந்தார். வலது மணிக்கட்டு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு எப்போதும் ஏமாற்றும் என்பதால் அக்கா நான்கு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். கை அசைந்துவிட்டதா, சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்தார். வெளியே கூட்டம். எலும்பு டாக்டர் தன் பெரிய திரையில் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார், துணிக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

ஐந்தாம் நாள் பெயிண்டர் மறுபடி வந்து நின்றார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் காதில் விழும்படியே, "என்னம்மா படம் எடுத்தீங்க? எலும்பெல்லாம் ஒரேயடியா வெளுத்துக் கெடக்கு. எதப் பாத்து நான் சொல்றது?" என்றார்.

பதினெட்டு வருடத்தில் அக்கா எடுத்த படத்தை யாரும் குறை சொன்னதில்லை. முகம் சுருங்கிப்போய்த் தன் அறைக்கு வந்தவர், பழைய படத்தைத் தன் மெஷின் திரையிலேயே திறந்தார். அந்தச் சின்ன எலும்பின் குறுக்கே, தலைமுடி ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு கோடு. சந்தேகத்துக்கு இடமில்லாத கோடு. டாக்டர் அறைக்கு ஓடிப்போய் அதே படத்தை அங்கே திறந்தார். கோட்டைக் காணோம். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"டாக்டர், ஒரு நிமிஷம் என் ரூமுக்கு வாங்க."

"வெளிய இத்தன பேர் இருக்காங்கம்மா."

"ஒரே நிமிஷம்."

டாக்டர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மாவுக்கட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, "என் ஸ்கிரீன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர். பாக்கறேன்."

அந்தப் "பாக்கறேன்" ஆறு வாரம் இழுத்தது.

அதுவரைக்கும் எல்லாப் படங்களையும் டாக்டர் அக்காவின் அறைக்கு வந்துதான் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த அறையில் மெஷின், நோயாளி, அக்கா மூவர் நின்றாலே முழங்கை இடிக்கும். நாலாவதாக டாக்டர். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் என் கதவைத் தாண்டிப் போவதும், போகும்போதெல்லாம் "ஆச்சாம்மா?" என்பதும், அக்கா "இன்னும் இல்ல டாக்டர்" என்பதும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம்தான் முதல் யோசனை கிடைத்தது. "லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நான் எதப் பாப்பேன்? எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல நிக்குதுன்னு பாப்பேன். உன் ஸ்கிரீன் எந்த எடத்துல நின்னுபோகுதுன்னு முதல்ல பாரு" என்றார்.

அக்கா கம்ப்யூட்டரில் வரிசையாக முப்பத்திரண்டு கட்டங்கள் வரைந்தார். முதல் கட்டம் முழுக் கறுப்பு, கடைசிக் கட்டம் முழு வெள்ளை, நடுவில் படிப்படியாக வெளுக்கும் சாம்பல். தன் அறைத் திரையில் எண்ணினார்: முப்பத்திரண்டு. டாக்டர் அறைத் திரையில் எண்ணினார்: இருபத்தெட்டு. முதல் மூன்றும் ஒரே கறுப்பாகவும் கடைசி மூன்றும் ஒரே வெள்ளையாகவும் ஒட்டிக்கிடந்தன.

திரையே கெட்டதா என்று பார்க்க, அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய சிஸ்டம் இருக்கும் நிர்வாகியின் கம்ப்யூட்டரில் மாட்டினோம். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். அங்கே முப்பத்திரண்டு கட்டமும் பளிச்சென்று தெரிந்தன.

"அப்போ ஸ்கிரீன் நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் சார் பிரச்சன" என்றார் அக்கா.

நிர்வாகி நிமிர்ந்தார். "எந்த டிரைவர்? ஆம்புலன்ஸ் டிரைவரா? அவன் எதுக்கு டாக்டர் ரூமுக்குப் போனான்?"

அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் படத்தைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர், புது சிஸ்டத்தில் அது ஊர் உலகத்தில் இருக்கும் யார் யாரோ சேர்ந்து சும்மா எழுதிக்கொடுத்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்றார் அக்கா. "யார் வேணா திருத்தலாம்னா நீங்களே திருத்திடுங்க" என்று நிர்வாகி பேச்சை முடித்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும், மாலையில் புறநோயாளிகள் போன பிறகும் அக்கா படிக்க உட்கார்ந்தார். அந்த டிரைவருக்கு ஒரு விளக்கப் பக்கம் இருந்தது. அதில் அறுபத்து மூன்று அமைப்புகள், அதாவது செட்டிங்குகள். கறுப்பும் வெள்ளையும் எதுவரை என்று சொல்வது போலத் தெரிந்தது 'வீச்சு' என்று ஒன்று. எதிரே விளக்கம்: 'வீச்சை அமைக்கும்.' மதிப்புகள்: 0, 1, 2. எது எதற்கு என்று இல்லை. வழக்கமான மதிப்பு: 'பொறுத்தது.' எதைப் பொறுத்தது என்றும் இல்லை. ஓரத்தில் ஒரு குறிப்பு, 'இந்தப் பக்கம் பழையது, புதிய பக்கத்தைப் பார்க்கவும்' என்றது. புதிய பக்கத்துக்குப் போனால் தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே: 'எழுதப்பட வேண்டும்.'

"மாத்திரை அட்டைல 'இந்த மாத்திரை மாத்திரையாக வேலை செய்யும்'னு போட்டா விடுவாங்களா?" என்று பெஞ்சைத் தாண்டி என்னிடம் கேட்டார்.

அமைப்பை மாற்றி எழுத ஒரு கோப்பு வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதற்கு மூன்று பேர் மூன்று இடம் சொல்லியிருந்தார்கள். அதிகம் பேர் கைகாட்டிய இடத்தில் வைத்து, வீச்சை 1 என்று மாற்றினார். ரீஸ்டார்ட். இருபத்தெட்டு. 2 என்று மாற்றினார். ரீஸ்டார்ட். இருபத்தெட்டு. எழுத்துகளைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மேற்கோள் குறி போட்டு, எடுத்து, நாளுக்கு ஏழெட்டுத் தடவை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அறைக்குப் போய், வரிசையில் இருப்பவர்களிடம் "ஒரு நிமிஷங்க" என்று கெஞ்சிவிட்டு, கட்டங்களை எண்ணிவிட்டு வருவார். முகத்தைப் பார்த்தாலே எனக்கு எண்ணிக்கை தெரிந்துவிடும்.

எட்டாம் நாள், ஆத்திரத்தில், அந்தக் கோப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு 'என் பொறுமையைச் சோதிக்காதே' என்று எழுதி வைத்து ரீஸ்டார்ட் செய்தார். கம்ப்யூட்டர் அழகாக எழுந்து வந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் உறைத்தது: அந்தக் கோப்பை சிஸ்டம் படிக்கவே இல்லை. ஒரு வாரமாக யாரும் திறக்காத பெட்டிக்குள் அவர் கடுதாசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தப்புன்னாவது சொல்லியிருக்கலாம்ல? திட்டியாவது இருக்கலாம்ல?" என்றார். அன்று அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

சிஸ்டம் படிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு நாள். அங்கே வைத்தும் இருபத்தெட்டுதான்.

இணையத்தில் பலர் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தது. அங்கே ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவர், அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியதைப் போல, இதே பிரச்சனையை எழுதியிருந்தார். கறுப்பு ஒட்டுகிறது, வெள்ளை ஒட்டுகிறது, இன்ன திரை, இன்ன கேபிள். கீழே பதினான்கு பேர், 'வீச்சை முழுசாக வை' என்று வாய்க்கு வந்த யோசனை சொல்லியிருந்தார்கள். கடைசியாகக் கேட்டவரே எழுதியிருந்தார்: 'சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.' அவ்வளவுதான். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். "நாசமாப் போறவன், நன்றி சொல்றானாம் நன்றி" என்று முணுமுணுத்ததில் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று கால்களை மடக்கிக்கொண்டார்.

டிரைவரை எழுதுகிறவர்களுக்கே கடிதம் போட்டார். அவர்களில் ஒருவரின் படத்தில் மீசை மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது, அதனால் எங்களுக்கு அவர் மீசைக்காரர். மீசைக்காரர் முதலில், எந்தப் பதிப்பு என்றார். அக்கா அனுப்பினார். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு எங்கே என்றார். அனுப்பினார். ஒன்பது நாள் சத்தமே இல்லை. பத்தாம் நாள் ஒற்றை வரி வந்தது: 'எதிர்பார்த்தபடிதான் வேலை செய்கிறது. சந்தேகமிருந்தால் மூலநிரலைப் படிக்கவும், அதுதான் ஆவணம்.'

அக்கா அதை என்னிடம் வாசித்துக் காட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தர் வந்து எனக்கு ஏன் காச்சல்னு கேட்டா, 'உன் ரத்தத்த நீயே பாத்துக்கோ'ன்னு நீ சொல்லுவியா?"

ஆனாலும் படித்தார். வேறு வழி? அவருக்கு அந்த மொழி தெரியாது. எலும்பின் பெயர்களைப் படித்த மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்து, அச்சிட்டு, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுச் சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பியிருந்தபோது, கணவர்தான் ஒரு வரியைக் கவனித்தார். அது நிரலில் சேராத வரி. எழுதியவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு. 'இந்த விஷயத்தில் டிவிகள் பொய் சொல்லும்.'

"டிவியா? இது டிவி இல்லீங்களே" என்றார் அக்கா.

"அந்தப் பெட்டி வந்தப்போ அட்டைல என்ன படம் போட்டிருந்துச்சு?"

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. டிவி விளம்பரத்தில் வருகிற மாதிரி, பந்தை உதைக்கும் ஓர் ஆட்டக்காரர்.

எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து அவிழ்ந்தது. கம்ப்யூட்டர் திரைகள் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எல்லா அளவையும் வாங்கிக்கொள்ளும். டிவிகள் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். டாக்டர் அறைத் திரை உள்ளுக்குள் டிவி. ஆனால் கேபிள் வழியே 'நான் கம்ப்யூட்டர் திரை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிர்வாகியின் பழைய சிஸ்டம் அதை நம்பாமல் டிவி அளவையே அனுப்பியது; புது டிரைவர் அதை நம்பி முழு அளவையும் அனுப்பியது. திரை ஓரங்களை வெட்டி எறிந்தது. வெட்டுப்பட்ட வெள்ளை ஓரத்தில்தான் பெயிண்டரின் எலும்புக் கோடு இருந்தது. பதினான்கு பேர் சொன்ன 'முழுசாக வை' இங்கே நேர் எதிரான மருந்து. மாற்ற வேண்டிய அமைப்புகூட 'வீச்சு' என்ற பெயரில் இல்லை. அந்தப் பெயரை டிரைவர் இரண்டு வருடம் முன்பே கைவிட்டிருந்தது. கைவிட்டதை யாரும் எழுதவில்லை. இப்போதைய பெயர் ஒளிபரப்பு சம்பந்தமான ஏதோ ஒன்று. நமக்கெதற்கு ஒளிபரப்பு என்று அக்கா முப்பது தடவை தாண்டிப்போன வரி அது.

திங்கட்கிழமை காலை, நோயாளிகள் வருவதற்கு முன், அந்த அமைப்பில் டிவி அளவுக்குச் சுருக்கி அனுப்பச் சொல்லும் 2 என்பதைப் போட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் விரலை வைத்து வைத்து எண்ணினோம். முப்பத்திரண்டு. அக்கா சிரிக்கவில்லை. "ஒரு நம்பர்" என்றார். "ஒத்த நம்பர்."

மறுநாள் காலை மறுபடி இருபத்தெட்டு. அந்த அமைப்பு ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் மறந்துபோகும் என்பதையும் யாரும் எழுதவில்லை. அதை நிலைக்கச் செய்ய இன்னும் மூன்று நாள்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. நேராக நிர்வாகியிடம் போனார். "அஞ்சு வாரத்துக்கு மேல டாக்டர் அந்த ஸ்கிரீன்லதான் சார் பாத்திருக்காரு. நானூத்திப் பன்னெண்டு படம். எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் நாமளா ஏம்மா போய்க் கிளறணும்? ஸ்கிரீன் சரியாயிடுச்சுல்ல, விடுங்க."

"ஸ்கிரீன் சரியாயிடுச்சு சார். அவங்க எலும்பு?"

நிர்வாகி பேனாவை மூடினார், திறந்தார். அக்கா நகரவில்லை. கடைசியில் எலும்பு டாக்டரே உள்ளே வந்து, "பாத்தது நான். தப்பு விட்டதும் நான். நான் திரும்பப் பாக்கறேன்" என்றார். அவர் அக்காவிடம் மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்ன அதுதான் மன்னிப்பு.

பதினொரு நாள், தினமும் மாலையில் ஒரு மணி நேரம், இருவரும் அந்தக் குறுகலான அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு அகப்பட்டன. தையல்காரம்மா ஒருவரின் கால்விரல். அது தானே கூடிவிட்டிருந்தது. பஸ் கண்டக்டர் ஒருவரின் குதிகால், அது கூடவில்லை. அக்காவே போன் செய்து வரவழைத்தார். ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பித்தானே இத்தனை நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தேன் என்று கண்டக்டர் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. அக்கா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். பிறகு, "உக்காருங்க, காலக் காட்டுங்க" என்றார்.

பெயிண்டருக்கு மாவுக்கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. மணிக்கட்டு மடங்கியது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. உத்தரத்தை ஒட்டி நேர்க்கோடு இழுப்பதுதான் இப்போது வரவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். "அன்னிக்கு ஏன்மா தெரியாமப் போச்சு?"

அக்கா மழுப்பவில்லை. "ஸ்கிரீன்ல ஒரு செட்டிங் தப்பா இருந்துச்சுங்க. ரெண்டுன்னு வெச்சிருக்கணும். வெக்கல."

"அது யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்?"

"எழுதினவங்களுக்குத் தெரியும். அவங்க யாருக்கும் சொல்லல."

பெயிண்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நான் பெயிண்ட் டப்பாவத் தொறந்தா எத்தன பங்கு தண்ணி கலக்கணும்னு அதுலயே போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலையே அக்கா எழுத ஆரம்பித்தார். எந்தக் கோப்பு, எந்த இடம், எந்தப் பெயர், மூன்று எண்களுக்கும் என்ன அர்த்தம், கட்டங்களை வைத்து எப்படிச் சோதிப்பது, ரீஸ்டார்ட்டுக்குப் பின் என்ன ஆகும், ஒன்றரைப் பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி மீசைக்காரருக்கு அனுப்பினார். வடிவம் சரியில்லை என்று திரும்பி வந்தது. வடிவத்தை மாற்றி அனுப்பினார். வரி நீளம் கூடுதல் என்று வந்தது. வெட்டி அனுப்பினார். பிறகு நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் அந்த விளக்கப் பக்கத்தில் அவர் எழுதியதில் பாதி ஏறியிருந்தது. 1, 2 இரண்டின் அர்த்தத்தையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

அன்று அக்கா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. திருத்தம் கேட்டு மறுபடி எழுதினார். ஐந்து வாரம் கழித்து, இரண்டு எண்களும் தத்தம் இடத்துக்கு வந்தன. மீசைக்காரர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: 'சம்பளமில்லாமல் மூன்று பேர்தான் பார்க்கிறோம். எழுத நேரமில்லை.' அக்கா அதை இரண்டு தடவை படித்தார். "அதையாவது முதல்லயே எழுதியிருக்கலாம்ல?" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் நிர்வாகி மனது வைத்து, மருத்துவப் படங்களுக்கென்றே செய்த திரை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மாட்டி, சுவிட்சைப் போட்டோம். படம் பக்கவாட்டில் சாய்ந்து, நின்றுகொண்டு எக்ஸ்ரே எடுத்த நோயாளி படுத்திருப்பதைப் போல வந்தது. டாக்டர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, டாக்டரை மறுபடி தன் அறைக்கு வரச் சொன்னார். பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார்.